ஆளை அறியும் வேலை

வங்கி வேலைக்கு எதிர்காலம் உண்டா என்ற வினாவுக்கு நகரத்து ஆலோசகர்கள் நெடுநாளாக விடை எழுதி வருகிறார்கள். ஜவ்வாது மலையை முன்வைத்து நாமும் ஒன்று சொல்லலாம்.

1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானபின் ஊர்ப்புறக் கிளைகள் பெருகின. 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் சுமார் ஒரு லட்சம் ஊழியர் வெளியேறினர். 2006இல் ரிசர்வ் வங்கி முகவர் முறைக்கு இசைவளித்தது. கைரேகைக் கருவியோடு உதவித்தொகையை எடுத்துத் தருபவர் இந்த முகவரே. அவருக்குப் பெரும்பாலும் கமிஷன்தான் வருமானம். சாமை விதைக்கக் கடன் கேட்பவரின் நாணயம் அவருக்குத் தெரியும். கடனைத் தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் இல்லை.

வங்கி தயங்குமிடத்தில் செம்மரம் வெட்ட ஆள் சேர்க்கும் தரகர் முன்பணத்தோடு நுழைகிறார். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டுக்கொன்ற 20 பேரில் இம்மலையினரும் இருந்தனர்.

ஆலோசகர் அறிக்கை தந்துவிட்டு அடுத்த நிறுவனத்துக்குப் போவார். அது அவர் தொழிலின் இயல்பு, குறையன்று. கடன் கொடுப்பதோ ஆளை அறிவது. அதற்கு ஒருவர் ஊரிலேயே நெடுங்காலம் இருந்தாக வேண்டும். பணம் எண்ணுவதை எந்திரம் எடுத்துக்கொள்ளட்டும். ஆளை அறியும் வேலைக்கு, அதிகாரமுள்ள நிரந்தர ஊழியரை மலைக்கு அனுப்புங்கள் என்பதே நம் கோரிக்கை.