மைக்கூட்டுத் துளை

கணினித் திரைக்கு ஒரு மரத்தாங்கி செய்யப் பள்ளிப்பட்டு ஆசாரியிடம் சென்றிருந்தோம். "யூ.எஸ்.பி.க்கு எத்தனை துளை சார்?" என்றார். பழைய பள்ளி மேசைகளில் மைக்கூட்டுக்கென இட்ட வட்டத்துளை நினைவில் எழுந்தது. பால்பாயிண்ட் பேனா வந்தபின் அது வெறுமனே வாய்பிளந்து கிடந்ததல்லவா?

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைக் குனிந்தே படித்துக் கழுத்துவலி கண்டவர்கள் நாம். புராண நூல்களை வியாசபீடத்தில் வைத்துப் படித்த மரபினர்க்குத் திரைக்கொரு பீடம் ஆடம்பரமன்று. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ அமைதல் வேண்டும். கடைத்தாங்கி நம் உயரம் அறியாது. ஆசாரி அளந்து செய்வார்.

ஆனால் யூ.எஸ்.பி. ஹப்பை மரத்தோடு ஒட்டிவிடலாகாது என்பதே நம் கருத்து. 1996இல் வந்த தட்டைவாய், 2014இல் வந்த 'சி' வகைக்கு இடம் விட்டுவருகிறது. நல்ல மரமோ தலைமுறை கடந்து நிற்கும். ஆகவே பின்புறம் திறக்கும் சிற்றறையில் ஹப்பைத் திருகாணியால் பொருத்துவதே முறை. அதற்குத் தனி மின்இணைப்பும் வேண்டும். இன்றேல் யூ.எஸ்.பி. 2.0 தரும் 500 மில்லி ஆம்பியரையே எல்லாத் துளைகளும் பங்கிட நேரும், வன்தட்டு தடுமாறும்.

நாளை வாய் மாறினால் ஹப்பை மட்டும் மாற்றுவோம். பீடம் அடுத்த தலைமுறைக்கும் இருக்கட்டும்.