கோழியாக மாறிய மாட்டிறைச்சி



ஐந்தாம் ஆண்டு மாணவர்களை 'எங்கள் வீட்டு இரவு உணவு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். வந்தவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. சோறு, சாம்பார், அப்பளம்; இறுதியில் 'அறுசுவை உணவை உண்டு மகிழ்ந்தோம்'. ஒரு மாணவியின் கட்டுரை மட்டும் தனித்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து திரும்பியதும் அவளுடைய அம்மா ஒரு கிலோ மாட்டிறைச்சியைப் பெரிய துண்டுகளாக நறுக்குவாராம். பட்டை, கிராம்பு தாளித்து, இறைச்சியைச் சிவக்க வதக்கி, வெங்காயம், இஞ்சி, பூண்டு சேர்த்து, கிச்சாப்பும் நீரும் ஊற்றி, மூடிபோட்டுச் சிறு தீயில் 3 மணி நேரம் விட்டுவிடுவாராம். கடைசி அரை மணி நேரத்தில் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் போடுவது இவளுடைய வேலை. 'முன்னதாகப் போட்டால் குழைந்துவிடும்' என்று காரணமும் எழுதியிருந்தாள். மணம் தாளாமல் தம்பி அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்துத் திட்டு வாங்கியதும் அதில் இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'மாட்டிறைச்சி' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'கோழி இறைச்சி' என்று எழுதினேன். வகுப்பில் பெரும்பாலோர் இந்துக்கள், நானும் இந்து. வகுப்பில் இதைப் படித்தால் சிலர் முகம் சுளிப்பார்களே, பெற்றோர் தொலைபேசியில் அழைப்பார்களே என்று அஞ்சினேன்.

மறுநாள் அவள் என் மேசையருகே வந்து மெல்லக் கேட்டாள்: "டீச்சர், கோழிய மூணு மணி நேரம் வேக வச்சா கரைஞ்சி போயிடுமே?"

எனக்கு நா எழவில்லை.

அவள் கேட்டது அறிவியல். மாட்டின் கால், தோள் பகுதி இறைச்சியில் இணைப்புத் திசு மிகுதி. அதிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் ஈரச் சூட்டில் நெடுநேரம் இருந்தால்தான் ஜெலட்டினாக மாறும். இறைச்சி மென்மையாகும், குழம்பும் கெட்டிப்படும். கடையில் வாங்கும் இளங்கோழிக்கு அத்தனை நேரம் வேண்டியதில்லை. ஒரு சொல்லைத் திருத்தியதாக எண்ணிய நான், கட்டுரை முழுவதையும் பொய்யாக்கியிருந்தேன்!

மற்ற பிள்ளைகளின் உணர்வு புண்படாதா என்று சில பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எவரும் தம் வழக்கத்தை விட வேண்டியதில்லை. என் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. இனியும் சமைக்கப் போவதில்லை. ஆயினும், தமிழ்ப்பள்ளியில் இந்துப் பிள்ளைகளோடு கிறிஸ்துவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பயில்கிறார்கள். ஒரு பிள்ளை தன் வீட்டு அடுப்பைப் பற்றித் தமிழில் எழுத வெட்கப்பட்டால், நாளை அதை வேறு மொழியில் எழுதிக்கொள்ளும். இழப்பு யாருக்கு? சைவ உணவு உண்ணும் பிள்ளையைப் பிறர் கேலி செய்தால் நாம் விடுவோமா? அதே காவல் இவளுக்கும் உரியதே.

மாணவர் கட்டுரைகளில் உயிரில்லை என்று ஆசிரியர் கூட்டங்களில் குறைபட்டுக்கொள்கிறோம். உயிரோடு வந்த ஒன்றை நானே அடித்துத் திருத்தினேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டு, என் திருத்தத்தை நீக்கினேன். அவள் விருப்பத்துடன் கட்டுரையை வகுப்பில் வாசித்தாள். ஒரு மாணவன் முகம் சுளித்தான். "நாம் உண்ணாததைப் பிறர் உண்ணலாம், அதை இகழ்வது தவறு" என்று விளக்கினேன். தொலைபேசி அழைப்பு எதுவும் வரவில்லை.

சிவப்புப் பேனாவை எடுக்கும்முன் சற்றே சிந்திப்போம், ஆசிரியர்களே!