மாத்திப் பார்க்கலாம் சார்!

கிளம்ப மறுக்கும் பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு போனால், பல பட்டறைகளில் முதலில் கிடைக்கும் அருள்வாக்கு: ‘‘காயில் போயிருக்கும் சார், மாத்திப் பார்க்கலாம்.’’

அந்தப் ‘பார்க்கலாம்’தான் என் ரத்தக்கொதிப்புக்குக் காரணம். யார் காசில் பார்ப்பது? காயில் மாற்றுவார். கிளம்பாது. கண்டென்ஸர். ம்ஹூம். பிளக். கடைசியில் பாயின்டைத் துடைத்ததும் கிளம்பிவிடும். ஆனால் பில் எல்லாவற்றுக்கும். பழைய காயில் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ‘‘அதைக் குப்பையில போட்டாச்சே!’’ இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை ஐயா, லாட்டரி. தமிழ்நாட்டில் அதை 2003-லேயே தடை செய்தாகிவிட்டது.

சென்ஸர் நிறைந்த புது வண்டி என்றால், ‘சோதிக்க மெஷின் இல்லை’ என்று சாக்கு சொல்லலாம். பாயின்ட் வைத்த புல்லட் தன் வியாதியைத் தானே சொல்கிற வண்டி. ஹெட்லைட் மண்டையிலேயே அம்மீட்டர் இருக்கிறது. லைட்டை அணைத்து, சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லையா? காயில் வழியே கரண்ட் ஓடவில்லை. பேட்டரி, ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், கரி பிடித்த பாயின்ட் என்று வரிசையாகப் பாருங்கள். சாய்ந்தபடியே நிற்கிறதா? பாயின்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ ஷார்ட். பாயின்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். முள் ஒழுங்காக ஆடியும் பிளக்கில் பொறி வராவிட்டால்தான் கண்டென்ஸர், காயில், பிளக், அதன் வயர் மேல் சந்தேகமே படலாம்.

பொறி நன்றாக இருக்கிறதா? நாலைந்து உதைக்குப் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. காய்ந்திருந்தால் கார்புரேட்டர் பக்கம் போங்கள். செலவு பூஜ்யம். நேரம், ஒரு டீ ஆறுகிற அளவு.

இப்போது புதுச் சாக்கு வேறு: ‘‘பெட்ரோல்ல எத்தனால் சார்!’’ எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், தண்ணீரை இழுக்கும், வாஸ்தவம். அதற்காக பாயின்டில் கரி பிடித்ததும் அதனால்தானா?

மெக்கானிக்கை மட்டும் திட்டி நாம் தப்பித்துவிட முடியாது. எமரி பேப்பரால் பாயின்டைத் தேய்த்து ரெண்டே நிமிஷத்தில் கிளப்பிக் கொடுத்தவரிடம், ‘‘சும்மா தேய்ச்சதுக்கு இருநூறா?’’ என்று சண்டைக்குப் போகிறோம். அதே ஆள் காயிலை மாற்றி ஆயிரத்து ஐநூறு கேட்டால் மறுபேச்சில்லை. பெட்டியில் வந்த சாமானுக்குக் காசு, மூளைக்குக் கிடையாது. அவர் மட்டும் எதற்காக யோசிப்பார்?

ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் உலா போகிறவருக்கு இந்த ஆயிரத்து ஐநூறு வெறும் எரிச்சல். அப்பா விட்டுப்போன வண்டியில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு, அது ரெண்டு நாள் கூலி.

அடுத்த முறை ‘காயில் போச்சு’ என்று யாராவது சொன்னால், ‘‘முள் ஆடிச்சா அண்ணே?’’ என்று கேளுங்கள். பார்த்துவிட்டு, ‘‘காயில் நல்லாருக்கு, பாயின்ட்தான்’’ என்று சொன்னால், பேரம் பேசாமல் அந்த இருநூறைக் கொடுங்கள்.