பில்லில் எழுதட்டும் அந்த எண்ணை

பௌர்ணமி கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை வருகிறவர்களில் தோளில் லேப்டாப் பையோடு நடப்பவர்களும் உண்டு. 14 கிலோமீட்டர் நெரிசலில் பை தொலைந்தால், புகார் எழுத அடையாள எண் வேண்டும். செல்போன் என்றால் *#06# அழுத்திப் பார்க்கப் பலருக்குத் தெரியும். சிம் போடும் வசதியுள்ள லேப்டாப்புக்கும் அதேபோல 15 இலக்க ஐஎம்இஐ எண் உண்டு. முதல் 8 இலக்கம் கருவியின் மாடலைச் சொல்லும். அடுத்த 6 அந்த ஒரு கருவிக்கே உரியது. கடைசி இலக்கம் எண்ணில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்க. விண்டோஸில் செட்டிங்ஸில் நுழைந்து, நெட்வொர்க் பகுதியில் செல்லுலாரைத் திறந்தால் எண் கிடைக்கும். அடிப்பக்க ஸ்டிக்கரிலும் பார்க்கலாம். ஆனால் பொடி எழுத்து, சூட்டிலும் உரசலிலும் அழிந்துபோகும். சிம் வசதி இல்லாத லேப்டாப்பில் இந்த எண்ணைத் தேட வேண்டாம், சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.

ஐஎம்இஐ எண்ணைத் திருத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். இவ்வளவு கடுமையாகக் காக்கப்படும் எண், வாங்கியவர் கையில் இருக்க வேண்டாமா? விற்கும் கடைக்காரரே பில்லில் எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, தொலையக்கூடிய லேப்டாப்புக்குள்ளேயே அதைச் சேமித்து வைக்காதீர்கள். வீட்டு டைரியில் எழுதுங்கள்.