ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு!

மேற்கே மலை. மலையடியில் வயலும் தென்னந்தோப்பும். அதுதான் வத்திராயிருப்பு.

அந்த ஊரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரவு 8 மணி. தகப்பனார் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கிரிக்கெட் ஓடுகிறது. மகள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் படிக்கிறாள். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் அவளும் ஒருத்தி.

"அப்பா! சனிக்கிழமை மதுரையிலே மேட்ச். போகணும்" என்கிறாள்.

"அதையெல்லாம் யாரு தாயி பாக்குறா? டி.வி.யிலே கூடக் காட்ட மாட்டேங்குறான். படிக்கிற வேலையைப் பாரு" என்கிறார் அவர்.

மகள் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். அந்த ஒரு வார்த்தையோடு அவள் ஆட்டம் நின்று போகலாம்.

"டெலிவிஷனில் காட்டவில்லை, ஆகவே அதற்கு மதிப்பு இல்லை." இது தகப்பனார் போடும் கணக்கு. பல வீடுகளில் இதே கணக்குத்தான். இந்தக் கணக்கு சரியா?

கடைக்காரரும் கத்தரிக்காயும்

சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவர், "என் காய் சொத்தை" என்று சொல்வாரா? மாட்டார். அவர் மேல் குற்றம் இல்லை. அது வியாபாரம்.

விளையாட்டைக் காட்டும் டெலிவிஷன் கம்பெனியும் ஒரு கடைதான். பல கோடி கொடுத்து ஒரு போட்டியை வாங்குகிறது. போட்ட பணத்தை எடுக்க வேண்டும். ஆகவே, வாங்கிய போட்டியைப் பற்றியே காலையிலும் பேசும், மாலையிலும் பேசும். வாங்காத போட்டியைப் பற்றி வாய் திறக்காது.

ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. கத்தரிக்காய்க் கடைக்காரர் தம் சரக்கை விற்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். டெலிவிஷனில் பேசுகிறவரோ நடுநிலையாளர் போலப் பேசுகிறார். கேட்கிறவர்களும் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். வம்பு அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் கூச்சல்

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து என்றால் திருவிழா மாதிரி. அங்கே இ.எஸ்.பி.என். என்ற பெரிய டெலிவிஷன் கம்பெனி இருக்கிறது. தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் கூட்டமைப்புக்கென்று 2014-ல் அது ஒரு தனிச் சேனல் தொடங்கியது. 2019-ல் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்புக்கும் ஒன்று தொடங்கியது.

மற்றக் கல்லூரிகளின் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? "உன் கூட்டாளி அணியையே உயர்த்திப் பேசுகிறாய்" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

இதில் எல்லாமே நியாயம் என்று சொல்ல முடியாது. தோற்ற அணியின் ரசிகனுக்கு நடுவரும் எதிரி. வர்ணனை செய்கிறவரும் எதிரி! ஒரே வர்ணனையாளரை இரண்டு பக்கத்தாரும் திட்டுவது உண்டு. வெறும் கோபத்தை வைத்து ஓரவஞ்சனை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அப்படியானால் எதை வைத்துச் சொல்வது? கணக்கை வைத்துச் சொல்லலாம்.

கணக்கு சொன்ன உண்மை

2021 மார்ச் மாதம். அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. ஆண்களுக்கு உடற்பயிற்சி செய்யப் பெரிய கூடம். பெண்களுக்கோ ஒரு சிறு அடுக்கில் சில எடைக் குண்டுகள்! ஒரு வீராங்கனை அதைப் படம் பிடித்து வெளியிட்டார். நாடே கொதித்தது.

விசாரணை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அறிக்கையும் வந்தது. பெண்கள் கூடைப்பந்தையும் வேறு பல போட்டிகளையும் சேர்த்து மொத்தம் 29 போட்டிகளை ஒரே கட்டாகக் கட்டி, ஆண்டுக்குச் சுமார் 3.4 கோடி டாலருக்கு விற்றிருந்தார்கள். 'பெண்கள் கூடைப்பந்து மட்டுமே 2025-ல் ஆண்டுக்கு 8.1 கோடி முதல் 11.2 கோடி டாலர் வரை பெறும்' என்று அறிக்கை மதிப்பிட்டது.

பட்டுப் புடவையைப் பழைய துணி மூட்டையோடு சேர்த்து விற்ற கதைதான்!

அதுவரை சொல்லி வந்த காரணம் என்ன? "பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை" என்பதுதான்.

2023-ல் பெண்கள் இறுதி ஆட்டத்தை நாடெங்கும் தெரியும் பொதுச் சேனலில் காட்டினார்கள். 1995-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. சுமார் 99 லட்சம் பேர் பார்த்தார்கள். 2024-ல் பெண்கள் இறுதி ஆட்டத்தை 1 கோடி 89 லட்சம் பேர் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1 கோடி 48 லட்சம் பேர்தான்!

கெய்ட்லின் கிளார்க் என்ற சாதனை வீராங்கனை ஆடியதும் அதற்கு ஒரு காரணம். சரி. ஆனால், காட்டாமல் இருந்திருந்தால் அவரை யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஆள் இல்லாததால் காட்டவில்லை என்றார்கள். காட்டாததால்தான் ஆள் இல்லை என்பது தெரிந்து போயிற்று.

நம் நாட்டிலும் அப்படித்தான்

கபடியைப் பாருங்கள். அது நம் ஊர் மண்ணில் பிறந்த ஆட்டம். ஆனாலும், "இதை டெலிவிஷனில் யார் பார்ப்பார்கள்?" என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2014-ல் புரோ கபடி தொடங்கியது. நல்ல விளக்கு, நல்ல காமிரா, நல்ல வர்ணனை. வீட்டுக்கு வீடு பார்த்தார்கள்!

அந்தப் போட்டியைக் காட்டியது ஸ்டார் கம்பெனி. போட்டியை நடத்தும் நிறுவனத்தில் 74 சதவீதப் பங்கை 2015-ல் அதே கம்பெனி வாங்கியது. காட்டுகிற கம்பெனிக்கே பங்கு இருந்தால் ஆட்டத்துக்கு அவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறது.

கூடைப்பந்துக்கு அந்த வெளிச்சம் இல்லை. 2014-ல் ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய ஆண்கள் அணி சீனாவை 65-58 என்று தோற்கடித்தது. அதுவும் சீன மண்ணிலேயே! எத்தனை வீடுகளுக்கு அது தெரியும்?

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். 9 ஆசியப் போட்டிகளில் ஆடியவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். கிரிக்கெட் வீரர்களின் பெயரை வரிசையாகச் சொல்லும் குழந்தைகளிடம் இவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

கிரிக்கெட் மேல் குறை இல்லை. ஒரு பிள்ளைக்குப் பால்சோறு போட்டுவிட்டு, மற்றப் பிள்ளைகளைப் பார்த்து "ஏன் இளைத்துப் போனாய்?" என்று கேட்பதுதான் தப்பு.

என்ன செய்யலாம்?

தனியார் கம்பெனியிடம் தர்மம் கேட்க முடியாது. உண்மையைக் கேட்கலாம். "இந்தப் போட்டியில் எங்களுக்குப் பங்கு உண்டு" என்று திரையிலேயே எழுதிக் காட்டட்டும். பார்க்கிறவர்கள் தெரிந்து பார்ப்பார்கள்.

அரசாங்க டெலிவிஷனின் பொறுப்பு வேறு. ஒலி, ஒளி பரப்பும் அலைவரிசைகள் பொதுமக்கள் சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மக்கள் சொத்தில் மக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் அல்லவா? வாரத்தில் ஒரு மணி நேரம் டி.டி. தமிழில் கல்லூரி ஆட்டங்களைக் காட்டட்டும். கூடைப்பந்து, கைப்பந்து, கோ-கோ எல்லாம் முறை வைத்து வரட்டும்.

மூன்றாவது வேலை பெற்றோர்களுடையது. டெலிவிஷன் காட்டுவதை மட்டும் வைத்துப் பிள்ளையை எடை போடக் கூடாது. விளையாட்டில் சிறந்தவர்களுக்கு அரசு வேலையில் இடஒதுக்கீடு உண்டு. ரெயில்வேயிலும் வேலை கிடைக்கிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காமிரா வருகிற அன்றைக்கு வரட்டும். அதுவரை, வத்திராயிருப்புத் தகப்பனார் சனிக்கிழமை மகளோடு மதுரைக்குப் பஸ் ஏறட்டும். பந்து வளையத்துக்குள் விழும்போது அவள் முதலில் திரும்பிப் பார்ப்பது காமிராவை அல்ல, அப்பாவின் முகத்தைத்தான்!