பிளஸ் ஒன்னுக்கு முன்பே வேண்டும் வழிகாட்டுதல்

அரசுப் பள்ளி மாணவர்களின் உயர்கல்விக்காகத் தமிழக அரசு அண்மைக் காலத்தில் எடுத்துவரும் முயற்சிகள் பாராட்டுக்குரியவை. 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும், பிளஸ் டூ மாணவர்களுக்கான 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகப் போகிறவர்களுக்குக் கல்லூரி வாசலைக் காட்டியிருக்கின்றன. ஆனால் இவற்றின் விசை பெரும்பாலும் பிளஸ் டூ முடியும் தறுவாயிலேயே குவிகிறது. மாணவரின் போக்கைத் தீர்மானிக்கும் முடிவோ அதற்கு இரண்டாண்டு முன்பே, 'குரூப்' எனப்படும் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது.

வணிகவியல் பிரிவில் சேர்ந்த மாணவிக்குப் பின்னாளில் பொறியியலிலோ மருத்துவத்திலோ நாட்டம் பிறந்தாலும் வழியில்லை. பொறியியல் கலந்தாய்வுக்கான 'கட்-ஆஃப்', அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடப்படுவது அவருக்குத் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் மருத்துவப் படிப்பிலும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விப் படிப்புகளிலும் வழங்கப்பட்ட 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, பொறியியலையும் மருத்துவத்தையும் பொறுத்தவரை, இத்தகையவருக்கு எட்டாக்கனிதான். அதே வேளையில், ஊரார் மதிப்புக்காக, கணிதமும் அறிவியலும் அடங்கிய முதல் குரூப்பில் திணிக்கப்பட்டுக் கணிதத்தில் தடுமாறும் மாணவர்களும் உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக் பட்டயம் பெற்று நேரடியாகப் பொறியியல் இரண்டாமாண்டில் சேரலாம் என்பதை இவர்களின் வீட்டில் எத்தனை பேர் அறிவார்கள்?

வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் எதற்கு, எப்போது தேவை என்பதுகூட விண்ணப்பத்தின் கடைசி நாளில் இ-சேவை மையத்தில்தான் பலருக்குத் தெரிகிறது. வசதியுள்ள பெற்றோர் இந்த விவரங்களைக் காசு கொடுத்தே பெற்றுவிடுகிறார்கள் என்பது வேறு கதை. அரசுப் பள்ளியிலோ மாணவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு, ஏற்கெனவே பாடமும் பதிவேடும் சுமக்கும் ஓர் ஆசிரியரின் தலையில் கூடுதலாக ஏற்றப்படுகிறது.

இந்தப் பணிக்கெனப் பள்ளிக்கு ஓர் ஆலோசகரை நியமிக்க நிதி இல்லையென்றால், அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற முழுநேர ஆலோசகர் ஒருவரையேனும் அரசு நியமிக்க வேண்டும். அவர் ஒன்பதாம் வகுப்பிலேயே பணியைத் தொடங்கி, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் முன் ஒவ்வொரு மாணவரையும் பெற்றோருடன் அமர்த்திப் பேச வேண்டும். வரும் கல்வியாண்டின் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்பே பள்ளிக்கல்வித் துறை இதற்கான ஆணையைப் பிறப்பிக்க வேண்டும்.