லேசிக்குக்கு முன்னாடி கண்ணீரை அளந்து பாருங்க

கண்ணாடியைக் கழட்ட லேசிக் பண்ணப் போறீங்களா? பண்ணுங்க, நல்ல சிகிச்சைதான். ஆனா "கண் கொஞ்ச நாள் காயும், சொட்டு மருந்து போட்டா போதும்"னு ஒரே வரியில முடிக்கிறதுல எனக்கு உடன்பாடில்ல.

கருவிழியில மடல் மாதிரி வெட்டும்போது மெல்லிய நரம்புகளும் அறுபடுது. கண் காயுதுன்னு மூளைக்குச் சேதி சொல்றதே அதுங்கதான். சேதி போகலன்னா கண்ணீரும் குறையும், இமைக்கிறதும் குறையும். நரம்பு திரும்ப வளர மாசக்கணக்காகும். சிலருக்கு வருஷமே தாண்டும். அமெரிக்க எஃப்.டி.ஏ. ஆய்வுல, முன்னாடி வறட்சியே இல்லாதவங்கள்ல 28% வரை மூணாவது மாசம் வறட்சி இருக்குன்னு சொன்னாங்க.

புதுச்சேரியில ஈ.சி.ஆர். காத்துல வண்டி, அப்புறம் நாள் முழுக்க ஏசியில ஸ்க்ரீன். இப்பவே கண் உறுத்துதா? ஜிப்மரோ, தவளக்குப்பம் அரவிந்தோ, எங்க போனாலும் ஷிர்மர் டெஸ்ட் கேளுங்க. கீழ் இமையில சின்னத் தாள், 5 நிமிஷம், அவ்ளோதான். 5 மி.மீ. கூட நனையலன்னா ஆபரேஷனுக்குத் தேதி குறிக்காம முதல்ல வறட்சிக்கு வைத்தியம் பாருங்க. கண்ணாடி இன்னும் மூணு மாசம் மூக்குல இருந்தா ஒண்ணும் ஆகாது.